மஞ்சள் கறை சிவந்தபோது: சென்னையில் மூன்று கம்பளச் சலவைச் சேவைகள்

திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் எங்கள் வீட்டில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் முதலில் தெரியவருவது விரிப்புகளின் வாடைதான். ஐப்பசியும் கார்த்திகையும் முழுக்க ஈரக்காற்றைக் குடித்துக் கிடந்த கம்பளத்தில் காலை வைத்தால் சில்லென்று இருக்கும்; குனிந்து முகர்ந்தால் நனைந்த சாக்கின் வாடை வரும். இந்த ஆண்டு எல்லாவற்றையும் முறையாகச் சுத்தம் செய்துவிடுவது என்று தீர்மானித்து, ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை மூன்று வெவ்வேறு சேவைகளிடம் வேலை கொடுத்துப் பார்த்தேன். ஒன்று, இயந்திரத்தோடு வீட்டுக்கே ஆள் அனுப்பும் நிறுவனம். இன்னொன்று, எங்கள் பகுதியில் வெகுகாலமாக இருக்கும் டிரை கிளீனிங் கடை. மூன்றாவது, காஷ்மீரக் கம்பளம் விற்கும் ஒருவர் தம் கடையோடு சேர்த்து நடத்தும் கம்பளச் சலவைக்கூடம். மூன்றின் பெயரையும் இங்கே எழுதவில்லை. குறை நேர்ந்த இடத்தில்கூட வேலைக்கு வந்த பையன்மீது குற்றம் சொல்ல மனம் வரவில்லை, பொருளைப் பார்க்காமல் முறையைத் தேர்ந்தெடுத்ததுதான் தவறு, அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

வீட்டில் என்னென்ன விரிப்புகள் இருக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கூடத்தில் சோபாவுக்கு முன்னால் கிடப்பது ஏழுக்கு ஐந்து அடியில் ஓர் இயந்திர நெசவு விரிப்பு. பாலிபுரொப்பிலீன் என்ற செயற்கை இழையால் ஆனது. படுக்கையறையில் எட்டுக்கு ஐந்து அடியில், கால் புதையும் அளவுக்குத் தடித்த ஒரு கம்பளி விரிப்பு. அதன் பின்புறத்தை முழுவதுமாக ஒரு பருத்தித் துணி மூடியிருக்கும். என் மாமனார் இராணுவப் பணியில் ஸ்ரீநகரில் இருந்தபோது 1986இல் வாங்கி, இரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததாகச் சொல்லும் ஆறுக்கு நான்கு அடிக் காஷ்மீரக் கம்பளம் மூன்றாவது. நான்காவது, விசேஷ நாள்களில் மட்டும் பரணிலிருந்து இறங்கிவரும் பவானி ஜமுக்காளம்.

இந்த நான்கையும் ‘கார்ப்பெட்’ என்ற ஒரே சொல்லில் அடக்கி, ‘கார்ப்பெட் கிளீனிங்குக்கு என்ன ரேட்?’ என்று தொலைபேசியில் கேட்டதுதான் நான் செய்த முதல் பிழை. நான்கும் நான்கு வகை. இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டியதில்லை. விரிப்பைப் புரட்டிப் பார்த்தால் போதும். கையால் முடிச்சுப் போட்டு நெய்த கம்பளத்தின் பின்புறத்தில், முன்னால் இருக்கும் அதே பூவும் கொடியும் முடிச்சு முடிச்சாகத் தெரியும். எங்கள் காஷ்மீரக் கம்பளத்தின் பின்னால் அளவுகோலை வைத்து எண்ணினேன்: ஓர் அங்குலத்துக்கு நெடுக்கில் பதினெட்டு, குறுக்கிலும் பதினெட்டு, ஆகச் சதுர அங்குலத்துக்கு 324 முடிச்சுகள், ஆறுக்கு நான்கு அடியில் பதினோரு லட்சத்துக்கும் மேல். அதன் குஞ்சம் தனியாகத் தைத்த அலங்காரம் அன்று. கம்பளத்தின் பாவு நூலே இரு முனையிலும் நீண்டு வெளியே வந்திருப்பதுதான். பின்னால் துணி ஒட்டி, வடிவம் எதுவும் தெரியாமல் இருந்தால் அது ‘டஃப்டட்’ வகை. துணியில் ஊசித்துப்பாக்கியால் கம்பளி நூலைக் குத்தி இறக்கி, பின்புறம் லேட்டக்ஸ் பசையைப் பூசி, அதன்மேல் வேறொரு துணியை ஒட்டிவிடுவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தண்ணீர் பட்டால்தான் வேறுபாடு புரியும்.

இழை எது என்று தெரிந்துகொள்ள, ஓரத்திலிருந்து ஒரே ஒரு நூலைப் பிடுங்கி, கிடுக்கியில் பிடித்து, அகல் சுடரில் காட்டிப் பார்க்கலாம். கம்பளியானால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும், பட்டும் அப்படித்தான். பருத்தியும் விஸ்கோஸும் காகிதம் எரிவதுபோல எரியும். பாலிபுரொப்பிலீன், நைலான், பாலியெஸ்டர் போன்றவை உருகிச் சுருண்டு, ஆறியபின் கடினமான மணியாக நிற்கும். இதைச் செய்ய இரண்டு நிமிடம் ஆகாது. சலவைக்குக் கொடுப்பதற்கு முன்பே நான் இதைச் செய்திருந்தால் இந்த மதிப்புரையில் பாதி எழுத வேண்டியிருக்காது.

முதலில் வந்தது இயந்திரச் சேவை. செயலியில் பதிவு செய்த மறுநாள் காலை, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே இரண்டு இளைஞர்கள் வந்துவிட்டார்கள். சதுர அடிக்கு 15 ரூபாய், குறைந்தபட்சக் கட்டணம் 1,200 ரூபாய். ஜமுக்காளம் தவிர்த்த மூன்று விரிப்புகளுக்குமாக 1,485 ரூபாய் என்று கணக்குச் சொன்னார்கள். அவர்கள் விளம்பரத்தில் ‘ஸ்டீம் கிளீனிங்’ என்று போட்டிருந்தாலும் அந்த இயந்திரத்தில் நீராவி எதுவும் இல்லை. சூடான தண்ணீரை அழுத்தத்தோடு இழைகளுக்குள் பீய்ச்சி, அடுத்த நொடியே அழுக்கோடு சேர்த்து உறிஞ்சி எடுப்பதுதான் அதன் வேலை. பெயர் எப்படியிருந்தாலும், செயற்கை இழை விரிப்புக்கு நான் பார்த்தவற்றில் இதற்கு நிகரான முறை இல்லை.

கூடத்து விரிப்பில் அவர்கள் வேலை செய்த விதத்தைக் குறைசொல்ல முடியாது. முதலில் வாக்யூம் கிளீனரால் நெடுக்கிலும் குறுக்கிலும் உலர்தூசியை எடுத்தார்கள். கம்பளத்தில் சேரும் அழுக்கில் பெரும்பகுதி மண்ணும் தூசியுமே. அதை உலர்ந்த நிலையிலேயே எடுக்காமல் தண்ணீரை ஊற்றினால் தூசி சேறாகி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஒரு கரைசலைத் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, இயந்திரத்தை ஓட்டினார்கள். அழுக்குத் தண்ணீர் சேரும் தொட்டியின் மூடியைத் திறந்து காட்டியபோது, உள்ளே இருந்தது கழுநீர்ப் பானையின் அடிவண்டலைப் போல இருந்தது. பாலிபுரொப்பிலீன் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை என்பதால் மாலைக்குள் விரிப்பு காய்ந்துவிட்டது. ஆனால் அந்த இழை தண்ணீரை விலக்குவதைப் போல எண்ணெயை விலக்காது. சமையலறையிலிருந்து காலோடு வரும் எண்ணெய்ப் பிசுக்கு அதில் ஒட்டிக்கொண்டு நடைபாதை மட்டும் கறுத்துப்போகும். அந்தப் பிசுக்கை எடுக்கக் காரத்தன்மை உள்ள கரைசல் தேவை, அந்த இழையும் காரத்தைத் தாங்கும். இதுவரை எல்லாம் சரி.

அந்த விரிப்பின் ஒரு மூலையில், பொங்கலன்று மஞ்சள் கொத்தை வைத்ததிலும் அதன்மேல் தண்ணீர் சிந்தியதிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை இருந்தது. கரைசலைத் தெளித்த சில நொடிகளில் அந்தக் கறை செக்கச்செவேலென்று மாறிவிட்டது. பையன் பதறிப்போய், ‘அம்மா, கலர் விடுது’ என்றான். சாயம் எதுவும் விடவில்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவப்பதும், மஞ்சளிலிருந்து குங்குமம் பிறப்பதும் இதே வித்தையால்தான். மஞ்சள் காரத்தில் சிவக்கும், புளிப்பில் மீண்டும் மஞ்சளாகும். ஆய்வுக்கூடத்தில் லிட்மஸ் தாள் சொல்வதை எங்கள் கூடத்து விரிப்பின் கறை சொல்லிவிட்டது: அந்தக் கரைசலின் பி.எச். எட்டைத் தாண்டியிருக்கிறது.

‘தம்பி, இதே மருந்தைத்தான் உள்ளே இருக்கிற கம்பளி விரிப்புக்கும் போடப் போகிறீர்களா?’ என்று கேட்டேன். எல்லாக் கார்ப்பெட்டுக்கும் இது ஒன்றுதான் என்றான். கம்பளி என்பது ஆட்டின் மயிர். நம் தலைமுடியைப் போலவே புரதம். காரத்தில் அது உப்பி, பலம் குறைந்து, மஞ்சள் பாரிக்கும். கொதிக்கும் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டால் கரைந்தே போய்விடும், குளோரின் கலந்த பிளீச்சும் அதைக் கரைக்கும். ஒருமுறை தெளிப்பதால் கம்பளம் கரைந்துவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால், எந்தச் சாயம் எப்படி ஏற்றப்பட்டது என்று தெரியாத நாற்பது ஆண்டுக் கம்பளத்தில், கை வைக்க முடியாத சூட்டில் காரத் தண்ணீரைப் பீய்ச்சினால் சிவப்பு நூலின் சாயம் பக்கத்திலிருக்கும் வெள்ளைப் பூவுக்குள் இறங்குவதற்கு ஒருமுறை போதும், இறங்கியபின் திருப்பி எடுக்க வழி இல்லை. காஷ்மீரக் கம்பளத்தைத் தொட வேண்டாம் என்று சுருட்டி வைத்துவிட்டேன். அவர்கள் முகம் சுளிக்கவில்லை. அதைக் கழித்துக் குறைந்தபட்சக் கட்டணமான 1,200 ரூபாயை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

இவ்வளவு விவரம் பேசிய நான், படுக்கையறை விரிப்பை மட்டும் ஏன் விட்டேன் என்பதற்குச் சரியான பதில் என்னிடம் இல்லை. புதியதுதானே, சாயம் போகாது, பெட்டியில் இருந்த கம்பளிக்கான ஷாம்பு ஒன்றையும் தேடி எடுத்துவிட்டான், ஆகட்டும் என்று இருந்துவிட்டேன். சாயம் போகவில்லைதான். ஆனால் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் மேலே ஈரம் தெரியாமல் கிடக்கும். மேலே தொட்டால் காய்ந்ததுபோலத் தோன்றிய விரிப்பின் அடியில், பசைக்கும் பின்துணிக்கும் நடுவே, தண்ணீர் இரண்டு நாள் தங்கியிருந்தது. கடற்காற்று அடிக்கும் ஊரில், மொசைக் தரையோடு ஒட்டிக் கிடக்கும் விரிப்புக்குக் கீழ்ப்பக்கமாகக் காய வழியே இல்லை. மூன்றாம் நாள் காலை அறைக்குள் நுழைந்தால் ரப்பர் செருப்பை ஊறவைத்தது போன்ற நாற்றம். புரட்டிப் பார்த்தபோது பின்துணி இரண்டு இடங்களில் அப்பளம்போல உப்பி எழும்பியிருந்தது. அந்த இடத்தைத் தட்டினால் பசை வெள்ளை மாவாக உதிர்ந்தது.

புகார் செய்ததும் நிறுவனம் புகைப்படம் கேட்டது, அனுப்பினேன், அந்த ஒரு விரிப்புக்கான 600 ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டது. விரிப்பை வாங்கிய விலை 9,000 ரூபாய். ‘டஃப்டட்’ விரிப்பின் பசை வெந்நீரையும் நெடுநேர ஈரத்தையும் தாங்காது என்பதை வேலைக்கு முன்பே அவர்கள் சொல்லியிருக்க வேண்டும், அல்லது வேலை முடிந்ததும் விரிப்பை இரண்டு நாற்காலிகளின்மேல் தூக்கிப் போட்டு அடியில் காற்றாடி வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. செயற்கை இழை விரிப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கம்பளி வைத்திருப்பவர்களுக்கு, அது எவ்வகைக் கம்பளியானாலும், பரிந்துரைக்க மாட்டேன்.

அவர்களுடைய விலைப்பட்டியலில் வேறு சில முறைகளும் இருந்தன. சுழலும் தூரிகையால் நுரை ஷாம்பு போட்டுத் தேய்ப்பது அவற்றில் மலிவானது. அதில் நுரையை அலசி எடுக்கும் வேலை சரியாக நடப்பதில்லை என்பதால், இழையில் தங்கிவிடும் சோப்புப் பசை புதுத் தூசியை அழைத்துவந்து, ஒரே மாதத்தில் முன்னைவிட அழுக்காக்கிவிடும். ஈரத் துணித்தட்டைச் சுழற்றி மேலாகத் துடைக்கும் முறை மேல்தோற்றத்தை மட்டுமே மாற்றும். நாளைக்குக் கூட்டம் இருக்கிறது, இன்றைக்குப் பளபளப்பாகத் தெரிய வேண்டும் என்கிற விடுதிக்காரருக்கு அது போதும். பொடியைத் தூவித் தேய்த்து வாக்யூமில் எடுப்பதும், காய்ந்தபின் படிகமாகி அழுக்கோடு உதிரும் கரைசலைப் போடுவதும் அலுவலகங்களில் சுவரோடு சுவராக ஒட்டிய கம்பளத்துக்காக ஏற்பட்டவை; அங்கே காயவைக்க நேரம் கிடையாது என்பதே அவற்றின் நியாயம். வீட்டுக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. சமையல் சோடாவைத் தூவி வாடையைப் போக்கலாம் என்று பலரும் சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை: அதன் நுண்பொடி அடியில் போய்ச் சேர்ந்துவிட்டால் வாக்யூமில் முழுதாக வராது, அதுவும் ஒரு காரப்பொருள்தான் என்பதால் கம்பளியில் அதைத் தூவாமல் இருப்பது நல்லது.

டிரை கிளீனிங் கடைக்குப் போனது ஜமுக்காளத்தோடு. பவானி ஜமுக்காளத்தைத் தண்ணீரில் போட்டால் சாயம் இறங்கும் என்ற பயம் எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக உண்டு. சிவப்புப் பட்டையும் பச்சைப் பட்டையும் அருகருகே இருக்கும்போது அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. கடைக்காரர் எடையைப் பார்த்துத் தயங்கி, பிறகு வாங்கிக்கொண்டார். ஆறு நாள் கழித்து பிளாஸ்டிக் உறையில் மடித்துத் தந்தார். சாயம் போகவில்லை, சாம்பார்க் கறையும் போகவில்லை. டிரை கிளீனிங் என்பது தண்ணீருக்குப் பதிலாக ஒரு கரைப்பானில் துணியைச் சுழற்றி எடுப்பது. எண்ணெய், மெழுகு, உதட்டுச்சாயம் போன்றவற்றை அது கரைக்கும், ஆனால் வியர்வை உப்பு, சர்க்கரை, சோற்றுக் கஞ்சி என்று தண்ணீரில் மட்டுமே கரையக்கூடியவற்றை அதனால் அவ்வளவாக ஒன்றும் செய்ய முடியாது. பந்தியில் விரிக்கிற ஜமுக்காளத்தில் இருப்பதெல்லாம் இரண்டாம் வகை. பட்டுப்புடவைக்கு அந்தக் கடையைவிட நல்ல இடம் எங்கள் பக்கத்தில் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பின்புறம் பசை உள்ள விரிப்பு எதையும் வாங்குவதில்லை, கரைப்பானில் பசை இளகிவிடும் என்று அவரே சொன்னார். படுக்கையறை விரிப்பின் கதையை அவரிடம் சொல்லாமல் வந்துவிட்டேன்.

மூன்றாவது இடத்தைத் தேடிப் போனது மார்ச் முதல் வாரத்தில். அங்கே நான் கேள்வி கேட்பதற்கு முன்பே கடைக்காரர் கேட்க ஆரம்பித்துவிட்டார். எப்போது வாங்கியது, இதற்கு முன் யார் கழுவினார்கள், வீட்டில் நாய் பூனை உண்டா, கீழே என்ன தரை, எங்கே வெயில் படுகிறது என்று விசாரித்துக்கொண்டே கம்பளத்தைப் புரட்டிப் போட்டு, உள்ளங்கையால் ஒரு திசையில் தடவினார். மாட்டின் முதுகைத் தடவிப் பார்ப்பவரைப் போல இருந்தது. கட்டிலுக்கு அடியில் கிடந்த ஓரத்தில் வெள்ளையாக, நூலாம்படைபோல ஒன்று இருந்ததை விரலால் சுரண்டிக் காட்டி, ‘அந்துப்பூச்சி, மேடம்’ என்றார். அந்துவின் புழு கம்பளியையும் பட்டையும் தின்னும். கூடத்துச் செயற்கை விரிப்பைத் தொடாது. ஆறு மாதமாக அந்த ஓரத்தைப் பெருக்கவே இல்லை என்பதை அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

பிறகு சாயச் சோதனை. வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு நிறத்தின்மீதும் ஒரு நிமிடம் அழுத்தி வைத்து எடுத்தார். நீலமும் மஞ்சளும் பச்சையும் துணியில் ஒட்டவில்லை. அடர்சிவப்பில் மட்டும் இளஞ்சிவப்பு நிழல் ஒன்று படிந்தது. ‘இதுக்குச் சூடு கிடையாது, பச்சைத் தண்ணி, சீக்கிரம் கழுவி சீக்கிரம் காயணும்’ என்றார். கம்பளம் நனைந்திருக்கும் நேரம் கூடக்கூட, சாயம் நகரும் வாய்ப்பும் கூடும் என்பதுதான் அதன் பொருள். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் கம்பளத்தைத் தண்ணீரில் போடுகிற எந்த இடத்துக்கும் இனி நான் போகமாட்டேன்.

வேலையைப் பார்க்க அனுமதி கேட்டேன். மறுத்துவிடுவார் என்று நினைத்ததற்கு மாறாக, பின்கட்டுக்கு அழைத்துப்போனார். சுத்தமான சிமெண்டுத் தரையில் கம்பளத்தைக் குப்புறப் போட்டு, இரண்டு பேர் மெல்லிய பிரம்பால் மத்தளம்போலத் தட்டினார்கள். கால் மணி நேரம் கழித்துத் தூக்கியபோது அடியில் ஒரு முறம் மண் இருந்தது. நயமான, பளபளக்கும் கடற்கரை மணல். நாங்கள் வாரந்தோறும் வாக்யூம் போட்ட கம்பளம் அது. மணலின் கூர்முனைகள் முடிச்சின் அடியில் இருந்துகொண்டு, மேலே கால் படும்போதெல்லாம் கம்பளி இழையை அறுக்கும். கம்பளம் தேய்ந்துபோவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்றார். அந்த மணலைப் பார்த்தபின், வீட்டுக்கு வந்து மேலாக ஈரப்படுத்திவிட்டுப் போகும் எந்த முறையும் கைமுடிச்சுக் கம்பளத்துக்குப் போதாது என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

கழுவும் தொட்டி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. லேசாகச் சரிந்த ஒரு தளம், குழாய், பூந்திக்கொட்டை ஊறிய வாளி. பட்டுப்புடவைக்கும் நகைக்கும் நம் பாட்டிமார் பயன்படுத்திய அதே பூந்திக்கொட்டைதான். அதன் நுரைக்குக் காரம் கிடையாது. சோப்பைப் போலக் கடினநீரோடு சேர்ந்து வெள்ளைப் படிவத்தை உண்டாக்குவதும் இல்லை, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் ஊரில் இது சிறிய விஷயம் அல்ல. நுரையை மேல் இழை சாய்ந்திருக்கும் திசையிலேயே மென்மையான தூரிகையால் தள்ளிவிட்டு, தண்ணீர் தெளிவாக ஓடும்வரை அலசினார்கள். கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் சேர்த்தார்கள். பிறகு மரப்பலகையால் தண்ணீரை வழித்துத் தள்ளி, சுருட்டி, நீளமான சுழல் இயந்திரம் ஒன்றில் போட்டுச் சில நிமிடம் சுற்றி எடுத்தபோது, தண்ணீர் சொட்டாத நிலையில் வெளியே வந்தது. வெயிலில் போடவில்லை, தகரக் கூரைக்கு அடியில் மூங்கில்மேல் விரித்து, இரு பக்கமும் காற்றாடி வைத்தார்கள். ‘குஞ்சத்தை வெளுக்கணுமா?’ என்று கேட்டதற்கு வேண்டாம் என்றேன். பிளீச்சிங் பவுடர் போட்டால் குஞ்சம் வெள்ளைவெளேரென்று ஆகும், ஆனால் பாவு நூல் பலமிழந்து இரண்டே ஆண்டில் உதிரத் தொடங்கும். அப்புறம் ஓரத்து முடிச்சுகளைப் பிடித்துவைக்க எதுவும் இருக்காது.

அங்கேயே இன்னொருவர் கொண்டுவந்திருந்த விரிப்பு ஒன்றையும் காட்டினார். பட்டு என்று சொல்லி விற்கப்பட்டது, மின்னியது. அதில் யாரோ காப்பி சிந்தி, தண்ணீர் விட்டுத் தேய்த்திருந்த இடம் மட்டும் சோளத்தட்டைபோல விறைத்து மஞ்சளாகக் கிடந்தது. உண்மையில் அது விஸ்கோஸ், மரக்கூழிலிருந்து எடுக்கும் இழை. கடைகளில் ‘பேம்பூ சில்க்’, ‘ஆர்ட் சில்க்’ என்ற பெயர்களிலும் வரும். நனைந்தால் அதன் வலிமை ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும், அந்த நேரத்தில் தேய்த்தால் இழை நைந்துபோகும். அதைச் சரிசெய்ய முடியாது, பணம் வாங்கமாட்டேன் என்று திருப்பிக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். இந்தத் தொழிலில் ‘முடியாது’ என்று சொல்பவரை அன்றுதான் பார்த்தேன்.

குறைகளும் உண்டு. ஏழு நாளில் தருவதாகச் சொன்ன கம்பளம் இருபத்து மூன்றாம் நாள்தான் வீடு வந்தது. நடுவில் நான்கு முறை தொலைபேசியில் அழைத்தும் ‘நாளைக்கு’ என்ற ஒரே பதில்தான். கொடுத்த இரசீதில் ‘கார்ப்பெட் 1’ என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை: அளவு இல்லை, நிறம் இல்லை, ஏற்கெனவே இருந்த கிழிசல் பற்றிய குறிப்பும் இல்லை. நல்லவேளையாக, கொடுப்பதற்கு முன் நான்கு மூலையையும் பின்புற முடிச்சையும் படமெடுத்து வைத்திருந்தேன். திரும்பி வந்தது எங்கள் கம்பளம்தான் என்பதை அந்தப் படங்களோடு ஒப்பிட்டபின்தான் என் கணவர் நம்பினார். வீட்டுக்கு வந்து எடுத்துப்போகும் வசதியும் இல்லை. ஆட்டோவில் நாமே கொண்டுபோய்க் கொடுத்து, நாமே எடுத்துவர வேண்டும். கட்டணம் சதுர அடிக்கு 60 ரூபாய், மொத்தம் 1,440 ரூபாய். இயந்திரச் சேவையின் விலையைப்போல நான்கு மடங்கு. கம்பளம் திரும்பி வந்தபோது, வெளிர்பழுப்பு என்று நான் இத்தனை ஆண்டும் நினைத்திருந்த ஓரப்பட்டை தந்தநிறமாக இருந்ததைப் பார்த்தபின் அந்த விலை எனக்கு உறுத்தவில்லை. காத்திருந்தது உறுத்துகிறது.

ஜமுக்காளத்தை ஏப்ரலில் நாங்களே மொட்டைமாடியில் துவைத்தோம். முதலில் சிவப்புப் பட்டையில் வெள்ளைத் துணிச் சோதனை. மிக லேசாகத்தான் ஒட்டியது. கல்லுப்பைப் போட்டால் சாயம் நிற்கும் என்று மாமியார் சொன்னார். சாயம் ஏற்றும்போது நூலுக்குள் சாயத்தைச் செலுத்த உப்பு உதவும் என்பது உண்மை. ஏறாத சாயத்தைத் துவைக்கும்போது அது பிடித்து நிறுத்தாது. ஆனாலும் அவருக்காக ஒரு கைப்பிடி போட்டோம். ஊறவைக்காமல், குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சலவைத்திரவம் கலந்து, ஒரு பக்கம் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டுப் புரட்டினோம். மேல் இழையோ பசையோ இல்லாத, இருபக்கமும் ஒன்றேயான தட்டை நெசவு என்பதால் ஏப்ரல் வெயிலில் மாலை நாலு மணிக்கெல்லாம் மொறமொறவென்று காய்ந்துவிட்டது. சாம்பார்க் கறை முக்கால்வாசி போயிற்று. இதற்கு எந்தச் சேவையும் வேண்டியதில்லை. இரண்டு பேரும் ஒரு மாடியும் இருந்தால் போதும். ஆனால் நனைந்த ஜமுக்காளத்தை ஒருவராகத் தூக்க முயல வேண்டாம், என் இடுப்பு அதற்குச் சாட்சி.

படுக்கையறை விரிப்பின் பின்துணியைச் சரிசெய்ய முடியுமா என்று கம்பளக் கடைக்காரரிடம் கேட்டேன். பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசித் துணி ஒட்ட 3,000 ரூபாய் ஆகும், அதற்கும் ஆயுள் சில ஆண்டுதான், செய்ய வேண்டாம் என்றார். இப்போது அது பால்கனிக் கதவருகே செருப்பு விடும் இடத்தில் கிடக்கிறது. இனி அப்படி ஒன்றை வாங்கினால், வாரம் ஒருமுறை உறிஞ்சு தலைப்பில் சுழல் தூரிகை இல்லாமல் வாக்யூம் போடுவது, எதையாவது சிந்தினால் தேய்க்காமல் வெள்ளைத் துணியை அழுத்தி அழுத்தி ஒற்றி எடுப்பது, அதற்குமேல் வேண்டுமென்றால் மிகக் குறைந்த ஈரத்தில் மேலாக மட்டும் துடைத்து உடனே காற்றாடியில் காயவைப்பது என்ற அளவோடு நிறுத்திக்கொள்வேன். காஷ்மீரக் கம்பளம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதே பின்கட்டுக்குப் போகும். ஆனால் மழைக்கு முன்னால், மாசி பங்குனியில், விரிவான இரசீதை நானே எழுதி எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு.

கூடத்து விரிப்பின் மஞ்சள் கறையைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். பையன்கள் அதைச் சிவப்பாகவே விட்டுவிட்டுப் போனார்கள். தண்ணீரில் கலந்த வினிகரை ஒற்றினேன், மறுபடி மஞ்சளாயிற்று. மஞ்சளின் நிறம் வெயிலைத் தாங்காது என்பது வெள்ளை வேட்டி துவைக்கும் எவருக்கும் தெரியும். அந்த மூலை மட்டும் வெளியே தெரியும்படி விரிப்பைப் பால்கனிக் கைப்பிடியில் நான்கு நாள் முற்பகல் வெயிலில் போட்டேன். இரண்டாம் நாளே எலுமிச்சைத் தோல்நிறத்துக்கு வெளுத்து, நான்காம் நாள் கறை எங்கே இருந்தது என்று வீட்டில் வேறு யாராலும் காட்ட முடியவில்லை.